மூவர் சுற்றிய சிம்மாடு

பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, முகப்பேர் மேற்கில் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படியில், சித்தாள் கண்ணம்மாவின் தலையிலிருந்த ஒரு பாண்டு கலவை எடை இழந்தது. கலவை கொட்டவில்லை. பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் ஓட்டையும் இல்லை. சிமெண்டும் எம்-சாண்டு மணலும் தண்ணீருமாக இருபத்திரண்டு கிலோ சரக்கு அப்படியே இருந்தது, கனம் மட்டும் இல்லை. கண்ணம்மா மேலும் இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். கையை உயர்த்தித் தடவிப் பார்த்தாள். பாண்டு தலையில்தான் இருந்தது. மேலே கொண்டுபோய் இறக்கியபோது கொத்தனாரின் கைக்கு அது வழக்கமான கனத்தோடுதான் போய்ச் சேர்ந்தது என்பதால் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த நடையும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தெட்டு நடை நடந்தாள், ஒரு தடவைகூடக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நம்பாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் கட்டடத்துக்கு எதிரில் டில்லிபாபுவின் பழைய இரும்புக் கடை இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கண்ணம்மா விஷயத்தைச் சொன்னதும், வெள்ளிக்கிழமை மேஸ்திரி சம்பந்தம் அவளை அங்கே கூட்டிப்போய், தலையில் ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றி, எடை எந்திரத்தின் மேல் நிற்க வைத்தார். கண்ணம்மா ஐம்பத்தொரு கிலோ, மூட்டை ஐம்பது கிலோ, எந்திரம் ஐம்பத்தொன்று காட்டியது. மூட்டையை மட்டும் தனியாக இறக்கி வைத்தார்கள், ஐம்பது காட்டியது. டில்லிபாபு எந்திரத்தைத் தட்டினான், துடைத்தான், பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் சொருகினான். "யக்கா, மெஷின் தப்பு சொல்லாது. வருஷா வருஷம் முத்திரை போட்டுகினு வர்றேன். நீதான் எங்கியோ தப்பா கீறே," என்றான். எதிர் அபார்ட்மெண்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி கம்பெனிக்காரர் ஒருவர் பால்கனியிலிருந்து இதைப் படம் பிடித்துப் போட்டார். ஒரு பொம்பளை தலையில் மூட்டையோடு நிற்கிறாள் என்பதைத் தவிர அதில் பார்க்க ஒன்றும் இல்லை. கனம் இல்லாதது படத்தில் விழவில்லை. அறுபத்தொரு பேர் பார்த்தார்கள், ஒருவர் மட்டும் கீழே "ஹெல்மெட் எங்கே?" என்று எழுதியிருந்தார்.

கண்ணம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஊர் அயப்பாக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அயப்பாக்கம் ஏரிக்குக் கீழே கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் மனையாகி, மனைகள் ஃபிளாட் ஆனபோது, நாற்று நட்டவர்களின் பெண்கள் அதே இடத்தில் செங்கல் சுமக்கப் போனார்கள். அதில் கண்ணம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சேற்றில் குனிந்து கிடப்பதைவிடத் தலை நிமிர்ந்து நடப்பது மேல் என்பது அவள் கட்சி. முப்பது வருடத்தில் அம்பத்தூர், முகப்பேர், திருமுல்லைவாயல் பக்கம் அவள் கலவை சுமக்காத தெரு குறைவு. அவளுடைய வீட்டுக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். புருஷன் காலமாகி ஒன்பது வருடம். மகள் எழிலரசி அம்பத்தூரில் ஒரு தனியார் வங்கியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள். கண்ணம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை: ஷீட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் ரூஃப் போட வேண்டும், அதற்கான பாண்டுகளைத் தானே சுமக்க வேண்டும். ஊரார் ரூஃபுக்கெல்லாம் சுமந்த தலை தன் ரூஃபுக்குச் சும்மா இருந்தால் அது என்ன தலை என்பாள். இந்த நிலையில்தான் பொங்கல் லீவில் அவளுடைய வலது கை விரல்கள் மரத்துப் போயின. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டதென்றும், இனிமேல் தலையில் தண்ணிக் குடம்கூட வைக்கக் கூடாதென்றும், வைத்தால் கை விழுந்துவிடுமென்றும் சொன்னார். எழிலரசி வேலையை விடச் சொல்லி அழுதாள். அழுத மகளுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை அவள் வங்கிக்குக் கிளம்பிய பிறகு கண்ணம்மாவும் வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்குத்தான் எடை போனது.

காரணம் கலவையில் இல்லை, சிம்மாட்டில் இருந்தது. தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைக்கிற வளையத்தைப் படித்தவர்கள் சும்மாடு என்பார்கள், இந்தப் பக்கத்தில் சிம்மாடு. கண்ணம்மா வைத்திருந்த சிம்மாடு அவள் மட்டும் சுற்றியதல்ல. புயலடித்து ஊரே முழங்கால் தண்ணீரில் நின்ற டிசம்பரில், வேலை நின்றுபோன அதே கட்டடத்தின் முதல் மாடியில் மூன்று பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சுற்றியது.

ஒருத்தி கண்ணம்மா. இன்னொருத்தி கம்லிபாய், ஆந்திராவில் கதிரிக்குப் பக்கத்தில் தாண்டா எனப்படும் ஒரு லம்பாடிக் குடியிருப்பிலிருந்து புருஷனோடு வேலைக்கு வந்தவள், முப்பத்தைந்து வயது. தமிழை அம்பத்தூர்க் கட்டடங்களிலேயே கற்றதால், அந்தத் தாண்டாவில் மெட்ராஸ் பாஷை பேசும் ஒரே ஆள் அவள்தான். மூன்றாமவள் தாட்சாயிணி. கர்நாடகத்தில் பாவகடா. இரண்டு ஊருக்கும் நடுவில் மாநில எல்லை ஓடுகிறதே தவிர, பஸ் ஏறினால் அரை நாள்கூட ஆகாது. ஒரே மேஸ்திரியின் கூட்டத்தில் வந்தவர்கள் என்றாலும், வந்த புதிதில் மூவரும் ஒருவர் சிம்மாட்டை ஒருவர் மதித்ததில்லை. கண்ணம்மாவினது, பூந்தமல்லி மார்க்கெட்டில் பழப்பெட்டியோடு வரும் வைக்கோலைப் புரியாக முறுக்கி, பழைய புடவையைக் கிழித்து மேலே சுற்றியது. கம்லிபாயினது பல மடிப்புத் துணியை ஊசியால் நெருக்கித் தைத்து, ஓரம் முழுக்கச் சோழி வைத்து, சின்னச் சின்னக் கண்ணாடி பதித்து, பின்பக்கம் கழுத்தில் ஈரம் சொட்டாமல் இருக்க ஒரு பூவேலைத் துணித்தொங்கலும் விட்டது. தாட்சாயிணியினது ஈச்சம் ஓலையை ஐந்து பிரியாகப் பின்னிய வளையம், பார்க்க ஒன்றும் இருக்காது, கல்லைப் போட்டாலும் நசுங்காது.

"இன்னாம்மே இது, மாட்டுக் கழுத்துல கட்றதா, தலைல வெக்கிறதா?" என்று சோழிகளைப் பார்த்துக் கேட்டாள் கண்ணம்மா.

"உன்னுது மட்டும் இன்னாக்கா, சாரைப்பாம்பு சுருண்டுகினு கீற மாரி கீது," என்றாள் கம்லிபாய்.

"ரெண்டும் மழைக்கு ஆகாது. நனைஞ்சா நாறும்," என்றாள் தாட்சாயிணி. அவள் குறைவாகப் பேசுவாள், பேசினால் சரியாக இருக்கும்.

அவள் சொன்னபடியே புயல் மழையில் இரண்டும் நாறின. தாட்சாயிணியினதும் வெள்ளத்தில் மிதந்து நொளம்பூர் பக்கம் போய்விட்டது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, கீழே இறங்க வழியில்லை. நான்கு நாள் சும்மா உட்காரப் பிடிக்காமல் மூவரும் புதுசாக மூன்று சிம்மாடு செய்தார்கள். கண்ணம்மா மூட்டையில் மிச்சமிருந்த வைக்கோலை முறுக்கிப் புரி போட்டு அடுத்தவளிடம் நீட்டினாள். தாட்சாயிணி அதன் மேல், ஊரிலிருந்து கொண்டுவந்த ஈச்சம் ஓலையைப் பின்னி அடுத்தவளிடம் தள்ளினாள். கம்லிபாய் அதன் மேல் துணி வைத்துத் தைத்து, பழைய சிம்மாட்டின் சோழியையும் கண்ணாடியையும் பிரித்து மூன்றுக்கும் பங்கிட்டாள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்ததால் ஆளுக்கு ஒன்றைக் கையில் வந்தபடி எடுத்துக்கொண்டார்கள். சித்தாட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: அவரவர் சிம்மாட்டை அவரவர்தான் சுற்ற வேண்டும், ஒருத்தி கை பட்டதை இன்னொருத்தி தலையில் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூவருக்கும் இது தெரியும், மூவர் ஊரிலும் இதே கட்டுப்பாடுதான். மழையில், பேச்சு சுவாரசியத்தில், மூவரும் ஒன்றாக மறந்துபோனார்கள்.

பொங்கல் வரைக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், ஒருத்தி தலையில் ஏறிய பாரம் மற்ற இருவருக்கும் பாதிப் பாதியாகப் போய், அவர்கள் பாரம் அதே மாதிரி இவளுக்கு வந்து, மூவரும் ஒரே அளவு சுமந்ததால் எல்லாம் நேராகிவிட்டதுதான். சங்கராந்திக்கு ஊருக்குப் போன இருவரும் திரும்பி வரவில்லை. தாட்சாயிணிக்குக் கர்ப்பப்பையை எடுத்து, ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்லிபாய்க்கு நிலக்கடலை அறுவடை, மாமியாரின் ஏச்சு. கண்ணம்மா தனியாக வேலைக்கு வந்தாள். தனியாக ஏற்றிய பாரத்துக்குப் பதிலாக வர வேறு பாரம் இல்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போதைக்குக் கண்ணம்மா இதைத் திருவேற்காட்டு அம்மனின் தயவு என்று எடுத்துக்கொண்டாள். மகளிடம், தலைச்சுமையை விட்டுவிட்டதாகவும் சிமெண்ட் இறுகக் கட்டடத்துக்குத் தண்ணி காட்டுகிற வேலை மட்டும் பார்ப்பதாகவும் சொன்னாள்.

யுகாதியன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. பூந்தமல்லி போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாவின் உச்சந்தலையில் யாரோ முழங்கையை ஊன்றினார்கள். பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைச் சட்டைக்காரரை அவள் குமணன்சாவடி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பஸ்ஸே சாட்சி சொல்லியும் அவள் ஒப்பவில்லை. அந்த நேரத்தில் கம்லிபாய் பண்டிகைக்காக, மூவர் சுற்றியதில் தன் பங்குச் சிம்மாட்டை வைத்து ஒரே ஒரு குடம் தண்ணீர் எடுத்தாள் என்பதும், அது பாதிக் குடத்தின் கனம் என்பதும் வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

மாதங்கள் போயின. முகப்பேர்க் கட்டடம் ஐந்து மாடியும் எழும்பியது. அயப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பந்தம் கரணை பிடிக்க, கண்ணம்மா செங்கல் எடுத்துக் கொடுக்க, பழைய மண்சுவருக்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுந்தது. சுவரில் ஒவ்வொரு வரியையும் அவள் நூல் பிடித்துப் பார்த்தாள். கோணலாக இருந்த ஒரு வரியை மேஸ்திரி என்றும் பார்க்காமல் பிரிக்கச் சொன்னாள். ஆடி மாதம் சுவர் முடிந்து, கம்பி வந்து இறங்கியது. ரூஃப் ஒன்றுதான் பாக்கி. ஆவணியில் நாள் பார்த்தாகிவிட்டது.

ஆடி பதினெட்டு முடிந்த வாரத்தில், ஒரு மதியம் ஒன்றேகாலுக்கு, சோற்றுத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் கண்ணம்மா கம்லிபாய்க்குப் போன் போட்டாள். ரூஃபுக்கு வரச் சொல்லத்தான். கம்லிபாய் எடுத்ததும் எடுக்காததுமாக, "இன்னாக்கா, சாப்பாட்டு டைமா?" என்றாள்.

"உனுக்கு எப்படிடீ தெரியும்?"

"இப்பதானே தலை லேசாச்சு," என்றாள் கம்லிபாய். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

கண்ணம்மா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் எல்லாம் வந்துவிட்டது. பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குக் கடலை புடைத்துக்கொண்டிருந்த கம்லிபாய் தலையில் பாரம் இறங்கி முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அதே நேரத்தில் பாவகடாவில் தாட்சாயிணியும் உட்கார்ந்தாள். வார முடிவில் இருவரும் போனில் பேசி, நேரம் ஒத்துப் பார்த்து, இது யார் பாரம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழு மாதமாகச் சொல்லவில்லை. "நீதான் ரூஃப் போடணும், ரூஃப் போடணும்னு சொல்லிக்கினே கெடந்தியேக்கா," என்றாள் கம்லிபாய்.

கண்ணம்மா அன்று சாப்பிடவில்லை. கர்ப்பப்பை எடுத்த பெண்ணின் தலையில் தான் ஏழு மாதமாகச் சிமெண்ட் ஏற்றியிருக்கிறோம் என்ற நினைப்பு அவளை உலுக்கிவிட்டது. சிம்மாட்டைக் கழற்றி மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சம்பந்தத்திடம் போய், "மேஸ்திரி, நாளைலருந்து வரமாட்டேன்," என்றாள். சம்பந்தம் காரணம் கேட்டார். "என் பாரத்த நான் சொமக்கலன்னு தெரிஞ்சிபோச்சி," என்றாள். அவருக்குப் புரியவில்லை. கண்ணம்மா அயப்பாக்கம் போய், பையை அலமாரி மேல் போட்டாள். ரூஃப் நாளைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள். இறக்கிய ஷீட் வெளியில் கிடந்தது, கூரை இல்லாத நான்கு சுவருக்கு நடுவில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அம்மாவும் மகளும் இருந்தார்கள். அம்மா கடைசியில் வேலையை விட்டாள் என்று எழிலரசிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அம்மா எழுந்து தலை சீவாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்தச் சந்தோஷத்தை அவளால் காட்ட முடியவில்லை. கம்லிபாயின் போனையும் தாட்சாயிணியின் போனையும் கண்ணம்மா எடுக்கவில்லை. எந்த முகத்தோடு பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கம்லிபாய் வந்துவிட்டாள். கதிரியில் ரயிலேறி, காட்பாடியில் மாறி, அரக்கோணத்தில் மாறி, அன்னனூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு கையில் புதுக் கோடிச் சேலையும் இன்னொரு கையில் ஒரு ரோஜா மாலையுமாக, தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். பாரம் சட்டென்று நின்றுபோய், போனையும் எடுக்காவிட்டால், மனுஷர் என்ன நினைப்பார்கள்? பதினாறு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று புறப்பட்டவள் அவள். வாசலில் கண்ணம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

கம்லிபாய் அழுகையை நிறுத்த முடியாமல் இரண்டு நிமிடம் அப்படியே நின்று அழுதாள். பிறகு மாலையாலேயே கண்ணம்மாவை நாலு சாத்து சாத்தினாள். ரோஜா இதழ் மொச்சைக்கூடையில் விழுந்தது.

"உயிரோட கீறியே! உயிரோட கீறதுக்கு எதுக்குடீ பாரத்த நிறுத்தினே?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்றே? உன் தலைலயும் அந்த நோயாளி தலைலயும் ஏத்திகினே இருக்கச் சொல்றியா?" என்று கண்ணம்மாவும் அழுதாள்.

"யாரு நோயாளி? சாஞ்சிக்கினா போச்சிக்கா," என்றாள் கம்லிபாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் மொச்சை உரித்தபடி அவள் விவரமாகச் சொன்னாள். தூரத்திலிருந்து வருகிற பாரம் தலையில்தான் இறங்கும். ஆனால் எதிலாவது தலையைச் சாய்த்துக்கொண்டால் அது வாங்கிக்கொள்ளும், எலும்புக்குப் போகாது. இதை முதல் நாளே தாட்சாயிணி தன் வீட்டுக் கல்தூணில் சாய்ந்து கண்டுபிடித்துவிட்டாள். கம்லிபாய் தாண்டாவின் வேப்பமரத்தில் சாய்ந்துகொள்வாள். மரம் இப்போது தெற்கே ஒரு சாண் சாய்ந்திருக்கிறது, மற்றபடி தளிர்விட்டு நன்றாகத்தான் இருக்கிறது. காலை பத்திலிருந்து ஒன்றேகால், இரண்டிலிருந்து ஐந்து, இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். தலையில் பாரம் இருக்கிறவளை எழுந்து வா என்று எந்த மாமியாரும் கூப்பிட முடியாது. கை சும்மா இருக்குமா? கம்லிபாய் அந்த ஏழு மாதத்தில் பதினொரு சிம்மாடும், கதவுக்கு மேல் கட்டும் தொங்கல் ஆறும், ஒரு கல்யாணப் பாவாடையும் தைத்து முடித்தாள். தாண்டாப் பெண்கள் நாலு பேர் அவள் பக்கத்தில் ஊசியோடு வந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் தலையில் ஒன்றும் இல்லை என்பதை மாமியார்களிடம் யாரும் சொல்லவில்லை. தாட்சாயிணி ஈச்சம் ஓலையில் பின்னிய பாய்களைப் பெங்களூர்க் கண்காட்சிக்கு வண்டியில் வந்து ஏற்றிப் போகிறார்கள்.

"இப்ப பன்னண்டு நாளா பாரம் இல்ல. மாமியாரு சும்மா உடுதா? களை எடு, சாணி அள்ளு, ஆட்ட ஓட்டு. பாவாடைல ஒரு பூ அரைகொறையா நிக்குது," என்றாள் கம்லிபாய். இதைச் சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அத்தோட, காலைல தலை கனத்தா கண்ணம்மாக்கா வேலைக்குப் பூட்டான்னு தெரியும். சாயந்திரம் லேசானா ஊட்டுக்குப் பூட்டான்னு தெரியும். உன்ன யாரு கேட்டா நிறுத்தச் சொல்லி?"

தாட்சாயிணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரூஃப் எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எழிலரசி எல்லாவற்றையும் கேட்டாள். தண்ணி காட்டுகிற வேலை என்று அம்மா சொன்னது ஏழு மாதப் பொய் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள் அம்மாவை முறைத்தாள், கம்லிபாயை முறைத்தாள். பிறகு அலமாரி மேலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்து அம்மா மடியில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

ஆவணி இரண்டாவது வியாழக்கிழமை, காலை பத்து பத்துக்கு, ரூஃப் கான்கிரீட் ஆரம்பமானது. கலவை எந்திரம் வாடகைக்கு வந்திருந்தது, மேலே தூக்குவதற்கு லிஃப்டும் வந்திருந்தது. லிஃப்டை யாரும் தொடக் கூடாது என்று கண்ணம்மா சொல்லிவிட்டாள். புதுச் சுவரின் நிழலில் கம்லிபாய் தலையைச் சாய்த்து, அரைகுறைப் பாவாடையை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாவகடாவில் தாட்சாயிணி கல்தூணில் சாய்ந்துகொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ம்" என்றாள். சம்பந்தம் கற்பூரம் கொளுத்தினார். கண்ணம்மா சிம்மாட்டை உச்சியில் பொருத்தினாள், துணித்தொங்கலைப் பின்கழுத்தில் இழுத்துவிட்டாள், முதல் பாண்டைத் தலையில் வாங்கினாள். கனம் இல்லை. சுவரில் சாய்ந்திருந்த கம்லிபாயின் தலை லேசாக அழுந்தியது. "வந்துச்சு," என்றாள். போனில் தாட்சாயிணி கன்னடத்தில் "ஒந்து" என்று எண்ணினாள். கண்ணம்மா சாரத்தில் ஏறி, தன் வீட்டின் மேல் நின்று, தன் கையால் கவிழ்த்தாள். முப்பது வருடமாக எத்தனையோ மாடியிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, தன் ஷீட்டைத் தேடியவள். இன்றைக்கு அங்கேயே நின்று ஏரியைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "மேஸ்திரி, இங்கேருந்து பார்த்தா ஏரி தெரிதுபா!" என்று கத்தினாள்.

ஒன்றேகாலுக்கு வேலை முடிந்து பிரியாணி வந்தது. கண்ணம்மா தன் கணக்குப்படி எழுபத்தாறு பாண்டு என்றாள். கம்லிபாய் எழுபத்தேழு என்றாள். தாட்சாயிணியும் போனில் எழுபத்தேழு என்றாள், அவள் எண்ணிக்கை தப்பாது. கண்ணம்மாவுக்கே அந்த எழுபத்தேழு புரியும், ஏனென்றால் கடைசியில் அவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய உச்சந்தலையிலும் ஒரு பங்கு பாரம் வந்து இறங்கியிருந்தது. பஸ்ஸில் முழங்கை ஊன்றிய அதே இடம். திரும்பிப் பார்த்தபோது, லீவு போட்டிருந்த எழிலரசி, சிம்மாட்டைத் தலையில் வைத்து, மிச்சமிருந்த ஒரு பாண்டு கலவையோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். சிம்மாட்டைச் சுற்றிய மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பங்காக அவளுடைய பாரத்தை வாங்கிக்கொண்டார்கள். கண்ணம்மா சட்டென்று குழாய்க்குப் பின்னாலிருந்த சுவரில் தலையைச் சாய்த்தாள். மகள் கவிழ்த்துவிட்டு இறங்கும் வரைக்கும் அசையாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு கண்ணம்மா வேலைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்ற ஆசை தீர்ந்துவிட்டது, கையிலும் மரப்பு நின்றுவிட்டது. ஆனால் கம்லிபாயின் பாவாடையும் தாட்சாயிணியின் பாயும் நிற்கக் கூடாது என்பதால், தினமும் பத்திலிருந்து ஒன்றேகால் வரைக்கும் சிம்மாட்டின் மேல் ஒரு பாண்டு மணலை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாள், காய்கறி வாங்குவாள், ரேஷன் கடையில் நிற்பாள். அயப்பாக்கத்தில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரேஷன் கடைக்காரர் மட்டும், வரிசையில் மணலைக் கீழே வைத்து இடம் பிடிக்கக் கூடாது என்று ஒருமுறை சொன்னார்.

மாசியில் கம்லிபாயின் தாண்டாவில் ரூஃப் போட்டார்கள். அன்று கண்ணம்மா மணல் எடுக்கவில்லை. குளித்து, தலை சீவி, தன் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் பாய் விரித்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். மணி பத்து ஆகப் பத்து நிமிடம் இருந்தது. எழிலரசி, புதிதாக வாங்கிய ஸ்கூட்டரின் சாவியோடு வெளியே வந்து, "ஏம்மா இப்படி உக்காந்திருக்கே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"கம்லி ஊட்ல ரூஃப். பேசாம போ, எண்ணணும்," என்றாள் கண்ணம்மா.

எழிலரசி சாவியைப் பையில் போட்டுவிட்டு, போனை எடுத்து வங்கிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு முதல் பாரம் வந்தது. சுவரின் பூச்சில் எங்கோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கீறல் ஒன்றும் விழவில்லை, நூல் பிடித்துக் கட்டிய சுவர்.

"ஒண்ணு," என்றாள் கண்ணம்மா.